ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

குன்னூரில் எங்கள் கார் வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். 10,000 ஆகட்டும் என்று ஆயில் மாற்றாமலே விட்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடியில் தயிர் ஆடை போல வெளுத்த பிசுக்கு! மார்க்கெட் வரை போய் வருவதற்குள் இன்ஜின் சரியாகச் சூடாவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடுகிறது. (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் குறைந்திருந்தால் விஷயம் வேறு, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.)

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது வீண். அதற்குப் பதில் வாரம் ஒரு முறை கோத்தகிரி வரை ஓட்டிவிட்டு வரலாம். அப்புறம், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சமதளம் வேண்டும். நம் ஊரில் அதைத் தேடுவதுதான் பெரிய வேலை.