நடன ஆர்க்கெஸ்ட்ரா ரெக்கார்டுகள்: காலம் கணிப்பதில் எங்கே தவறுகிறார்கள்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் (78 ஆர்.பி.எம்.) பழைய கிராமபோன் தட்டின் லேபிளில் ஏதாவது ஆண்டு கண்ணில் பட்டால் அதையே பதிவான ஆண்டாக எழுதி வைப்பவர்கள் ஏராளம். சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஆண்டு பெரும்பாலும் உற்பத்தி முறைக்கோ கருவிக்கோ வாங்கிய காப்புரிமையின் ஆண்டு. இல்லாவிட்டால் பாட்டின் பதிப்புரிமை ஆண்டு. பதிவான நாளை லேபிளில் போடும் பழக்கம் அன்றைய பெரிய நிறுவனங்களிடம் அநேகமாக இல்லை.

அடுத்த குழப்பம் எண்களில். லேபிளில் பெரிதாக இருப்பது கேட்டலாக் எண். அது விற்பனைக்கானது. பதிவு நாளைப் பிடிக்க உதவுவது மேட்ரிக்ஸ் எண். ஒலிப்பதிவின்போது மெழுகுத் தட்டுக்குக் கொடுத்த அந்த எண்ணை லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் தேட வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சில நிறுவனங்கள் லேபிளிலும் அச்சிட்டன. 1920-களில் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் வெளியிட்ட தட்டுகளில் பலருக்கு ஏமாற்றம்தான்: தட்டின் பரப்பில் மேட்ரிக்ஸ் எண் இருக்காது, கேட்டலாக் எண்தான் இருக்கும். லேபிளைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு ஒன்பது மணி இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்குள்ள சிறிய இலக்கம், எத்தனையாவது டேக் (ஒரே பாட்டைப் பதிந்த முயற்சி) என்பதைச் சொல்லும். பிறகு கேட்டலாக் எண்ணை வைத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் இணையத்தில் இலவசமாகத் தரும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தரவுத்தளத்தில் தேடினால் மேட்ரிக்ஸ், நாள், ஊர் மூன்றும் கிடைக்கும். இரு பக்கங்களையும் தனித்தனியே தேடுங்கள். ஒரு பக்கம் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா, மறுபக்கம் பல மாதம் கழித்து வேறோர் ஆர்க்கெஸ்ட்ரா என்பது சர்வ சாதாரணம்.

"மைக்ரோஃபோன் இல்லாமல் கொம்பு வழியாகப் பதிவான ஒலி, ஆகவே 1925-க்கு முந்தையது" என்பது பாதி உண்மை. விக்டரும் கொலம்பியாவும் மைக்ரோஃபோன் பதிவுக்கு மாறியது 1925-இல். விக்டர் தட்டில் நீள்வட்டத்துக்குள் "வி.ஈ.", கொலம்பியாவில் வட்டத்துக்குள் "டபிள்யூ", பிரிட்டிஷ் எச்.எம்.வி.யில் மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பின் சிறு முக்கோணம் இருந்தால் மின்பதிவு, அதாவது மைக்ரோஃபோன் பதிவு என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் கொலம்பியாவின் மலிவு லேபிளான ஹார்மனி, கொம்புப் பதிவை 1930 வரை விடவில்லை. ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்பவர் ஐந்து ஆண்டு தவறக்கூடும்.

லேபிளில் உள்ள குழுப் பெயரை அப்படியே நம்புவதும் ஆபத்து. பிரன்ஸ்விக் லேபிளில் "ஜங்கிள் பேண்ட்" என்று வந்தது பெரும்பாலும் டியூக் எலிங்டன் குழு. ஹார்மனியின் "டிக்ஸி ஸ்டாம்பர்ஸ்", ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழு. லண்டனில் "நியூ மேஃபேர் டான்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா" என்பது எச்.எம்.வி.யின் ஸ்டூடியோ குழுவுக்கு வைத்த பெயர். ரே நோபிள் நடத்திய காலத்துத் தட்டுகளைத்தான் பலரும் தேடுகிறார்கள். பாடகர் பெயரே இல்லாமல் "குரலுடன்" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் போட்டிருப்பார்கள். பெயரைக் கண்டுபிடிக்க மறுபடியும் மேட்ரிக்ஸ்தான் கதி.

1942 ஆகஸ்ட் 1-இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளைப் புறக்கணித்தது. டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரில் சங்கத்துக்கு இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான். இடையில் இந்த இரு நிறுவனங்களும் வெளியிட்ட நடனத் தட்டுகளில் பெரும்பகுதி பழைய கையிருப்பு. ஹாரி ஜேம்ஸ் குழுவுடன் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1939-இல் பாடிய பாட்டு 1943-இல் மறுபடி வெளிவந்துதான் பெரிய வெற்றி பெற்றது. வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டு என்று எடுத்துக்கொண்டால் இங்கே நான்கு ஆண்டு பிசகும்.

பழையது என்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள். ஆர்க்கெஸ்ட்ரா தலைவர் பால் வைட்மேன் 1920-இல் பதிவு செய்த, 18690 என்ற கேட்டலாக் எண் கொண்ட விக்டர் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. இன்றும் தாராளமாகக் கிடைக்கும். பொருளாதார மந்தத்தில் விற்பனை படுத்த 1931–33 காலத்துத் தட்டுகள்தான் பொதுவாக அரிது. பளபளப்பையும் நம்ப வேண்டாம். சத்தமான இடங்களில் ஊசி ஓடும் தடம் சாம்பல் நிறமாகியிருந்தால் இரும்பு ஊசி தின்றுவிட்டது என்று அர்த்தம். எந்தக் கழுவலும் அதை மீட்காது.

கழுவும்போது ஆல்கஹால் கூடவே கூடாது, தட்டில் உள்ள அரக்கை அது கரைத்துவிடும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் மணமில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். மென்மையான பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே தேய்த்து, லேபிள் நனையாமல் அலசி, நிறுத்தி வைத்து உலர்த்த வேண்டும். தடிமனான எடிசன் டைமண்ட் டிஸ்க்கில் தண்ணீரே படக்கூடாது, உள்ளே உள்ள மரத்தூள் கலவை உப்பிவிடும். அதன் தடம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டது. சாதாரண கிராமபோனில் இரும்பு ஊசியால் ஓட்டினால் பாழாகும்.

பிற்கால எல்.பி. தட்டுகளுக்கான ஊசியும் உதவாது. 0.7 மில் முதல் 1 மில் வரையுள்ள (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அந்த முனை தடத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 78-க்குச் சுமார் 3 மில் முனை வேண்டும். தேய்ந்த தட்டானால் 2.5, 3.5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஏதாவதொன்று தேயாத சுவரைத் தொடும். கொம்புக் காலத்துக் கொலம்பியா பலவும் 80 ஆர்.பி.எம். அதை 78-இல் ஓட்டினால் சுருதி இரண்டரை சதவீதம் இறங்கிவிடும்.