கேள்வியை முந்திக்கொள்ளும் பதில்: புது அறிவியல் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

புதிதாக வரும் ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பிள்ளைகளின் கேள்வி கேட்கும் ஆர்வத்தைக் கெடுக்கும் தவறுகள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை, அவர்களும் செய்கிறார்கள். கேள்வி கேட்ட பிள்ளையை அதட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பார்த்து முடிக்கும் முன்பே விளக்கம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. பிள்ளைகள் வாய் திறப்பதற்குள், "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்திருக்கு, எழுதிக்கோங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எரியும்போது ஏறலையே மிஸ், அணைஞ்ச பிறகுதானே சட்டுன்னு ஏறுச்சு?" என்றாள். எவ்வளவு கூர்மையான கண்! ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்றால் எரிய எரியத்தானே ஏறியிருக்க வேண்டும்? "அதெல்லாம் அப்புறம், முதல்ல எழுது" என்று பதில் வந்தது. அவள் குனிந்து எழுதினாள். அந்த வகுப்பு முடியும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

இதில் கொடுமை, எழுதவைத்த விளக்கமே தவறு. சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. விளிம்பில் குமிழி வருவதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜனோ முழுக்கத் தீர்வதே இல்லை, கணிசமாக மிச்சமிருக்கும்.

அதே டம்ளருக்குள் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முதலில் கேளுங்கள். ஆளுக்கொரு ஊகத்தை நோட்டில் எழுதட்டும். பிறகு செய்து காட்டுங்கள். ஒன்று வைத்ததைவிட உயரமாக ஏறும். ஏன் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும், அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.

காத்திருக்காமல் அடுத்தவரைக் கேட்பது

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பிள்ளைகள் தாங்களாகக் கேட்கும் கேள்விகளும் கூடின.

கேள்வி கேட்டால் சாக்லேட்

வேண்டாம். அடுத்த வாரம் சாக்லேட்டுக்காகத்தான் கேட்பார்கள்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தயங்குவது

சொல்லிவிடுங்கள். கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்காமல் வையுங்கள்.