சாந்திசிமா திரினிதாத்: ஒரு போர்க்கப்பலின் வரலாற்றை எழுதுவது எப்படி?

ஸ்பெயினின் பெரும் பாய்மரப் போர்க்கப்பலான சாந்திசிமா திரினிதாத்தின் வரலாற்றை எழுத முனைவோர், முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1762இல் பிலிப்பைன்ஸ் அருகே ஆங்கிலேயர் பிடித்த வணிகக் கப்பலுக்கும் இதே பெயர்தான். நாம் தேடுவதோ 1769இல் கியூபாவின் ஹவானாவில் நீரில் இறக்கப்பட்ட கப்பல்.

அடுத்து, பீரங்கிகளின் எண்ணிக்கையை ஒருபோதும் ஆண்டு குறிப்பிடாமல் எழுதாதீர்கள். மூன்று தளங்களோடு பிறந்த இக்கப்பலின் மேற்பகுதியை 1790களில் மூடி நான்காவது பீரங்கி வரிசையை அமைத்தார்கள் என்பதால், எண்ணிக்கை ஏறத்தாழ 112இலிருந்து 130க்கும் மேல் உயர்ந்தது. மேலே கூடிய அந்தப் பாரம் கப்பலின் ஓட்டத்தைக் கெடுத்தது. என் பார்வையில் இதன் வாழ்க்கைக்கதைக்கே இதுதான் திறவுகோல்.

1797 பிப்ரவரி 14இல் ஆங்கிலேயருடன் நடந்த புனித வின்சென்ட் முனைப் போரில், பிடிபடாமல் நூலிழையில் தப்பியதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1805 அக்டோபர் 21இல் ஸ்பானிய, பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயர் வென்ற டிரஃபால்கர் கடற்போருக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். பாய்மரங்கள் மூன்றும் சாய்ந்து, பீரங்கிகள் ஓய்ந்திருந்த வேளையில், சரணடைந்துவிட்டதாக எண்ணி ஏறிய ஆங்கில அதிகாரியிடம் 'இன்னும் இல்லை' என்று தெரிவித்து, அவரை மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். இத்தகைய காட்சியை விட்டுவிடக் கூடாது.

டிரஃபால்கரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட நாளையும் மூழ்கிய நாளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்; இழுத்துச் செல்லப்பட்ட கப்பல், சில நாள்களுக்குப் பின் புயலின்போதுதான் கடலுக்குள் போனது.