திருமலையிலிருந்து ஒரு விளையாட்டுத் தொழில் பொட்காஸ்ட்: கேள்வி முதல் வெளியீடு வரை

திருகோணமலை மக்கெய்சர் விளையாட்டரங்கில் போட்டி நடக்கும் நாளில் வீரர்களை விட்டுவிட்டுச் சுற்றிவரப் பாருங்கள். நடுவர், புள்ளி குறிப்பவர், முதலுதவிக்காரர், அறிவிப்பாளர், கோடு போடுபவர், படம் பிடிப்பவர். ஒவ்வொருவரும் ஓர் அத்தியாயம். விளையாட்டுத்துறையில் வேலை தேடும் பிள்ளைக்கு நட்சத்திர வீரரின் செவ்வியைவிட இவர்களின் பேச்சுத்தான் உதவும். அவர்கள் ஓட்டோ தூரத்தில் இருக்கிறார்கள்.

கேள்விகள்

பெரும்பாலான அத்தியாயங்கள் கெடுவது இங்கேதான். “உங்கள் பயணத்தைச் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் பள்ளிக்கூடக் காலத்திலேயே 20 நிமிடம் போய்விடும். பதிலாக இப்படிக் கேளுங்கள்: முதன்முதலில் காசு கிடைத்த வேலை எது, யார் மூலம் தெரிய வந்தது? எந்தச் சான்றிதழ், எத்தனை மாதம், என்ன செலவு? நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன செய்தீர்கள்?

“கொஞ்சம் அனுபவம் வேணும்” என்று விருந்தினர் சொன்னால் விடாதீர்கள். எவ்வளவு என்று கேளுங்கள். நிலாவெளியில் சுழியோடி வழிகாட்டி ஒருவரோடு பேசுகிறீர்கள் என்று வையுங்கள். சுழியோடிப் பயிற்சிச் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் டைவ்மாஸ்டர் என்ற வழிகாட்டித் தகுதிக்குக் குறைந்த வயது 18. பயிற்சி தொடங்க 40 முக்குளிப்புகள், முடிக்க 60 பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களும் அவர் வாயால் வந்துவிட்டால் கேட்பவர் அன்றைக்கே கணக்குப் போடத் தொடங்கலாம். அடுத்து, வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும்போது வருமானத்துக்கு என்ன வழி? தென்மேற்குக் கரைக்குப் போகிறாரா, வேறு தொழிலா? இதைக் கேட்காத அத்தியாயம் அரைகுறைதான்.

சம்பளத் தொகையைப் பகிரங்கமாகச் சொல்லலாமா என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

ஒலிப்பதிவு

போன் போதும். கம்பியுள்ள கிளிப் மைக் ஒன்றைச் சட்டையில், நாடிக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். இருவருக்கு இரண்டு போன், இரண்டு மைக். பிளைட் மோட் கட்டாயம். இடையில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகலாம்.

உப்புவெளிக் கடற்கரையில் பதிவுசெய்ய ஆசை வரும். வேண்டாம். கச்சான் காற்று மைக்கில் மோதும் இரைச்சல் சீரில்லாதது; எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. மின்விசிறிச் சத்தம் சீரானது, குறைக்கலாம். ஆனால் கூடக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலாகிவிடும். ஆகவே விசிறியை நிறுத்துங்கள். மெத்தை, திரைச்சீலை, உடுப்பு உள்ள படுக்கையறை நல்லது. மாபிள் பதித்த வெறும் விறாந்தை எதிரொலிக்கும். பாண் ஓட்டோ பாட்டோடு வரும் நேரத்தைத் தவிருங்கள். கடல் ஓசை வேண்டுமென்றால் காற்றடங்கிய விடியலில் ஒரு நிமிடம் தனியாகப் பிடித்து முகப்பில் சேருங்கள்.

முதலில் 30 விநாடி பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். பதிவுச் செயலி காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் குரல் கிழியும். பிறகு சரியாக மீட்க இயலாது.

விருந்தினர் கொழும்பில் என்றால் வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே, இரு பக்கமும் வேறொரு போனில் அவரவர் குரலைப் பதியுங்கள். தொடக்கத்தில் இருவரும் ஒருமுறை கைதட்டினால் பின்னர் பொருத்துவது சுலபம். பதிவுக் கோப்பை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தொகுப்பும் வெளியீடும்

ஓடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். திரும்பச் சொன்னதை வெட்டுங்கள். யோசிக்கும் இடைவெளியை விடுங்கள். மொனோ (ஒற்றைத் தட ஒலி) என்றால் ஒலி அளவை மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) கொண்டுவாருங்கள். எம்பி3 மொனோ, 64 கேபிபிஎஸ் போதும்: அரை மணிநேரம் ஏறத்தாழ 14 எம்பி. 128 போட்டால் இரட்டிப்பு. டேட்டா கார்ட் போட்டுக் கேட்கும் பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம்.

ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேட்டர்ஸில் கட்டணமின்றி ஏற்றலாம். அது தரும் ஆர்எஸ்எஸ் முகவரியை (புதிய அத்தியாயங்களை மற்றச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணைப்பு) அப்பிள் பொட்காஸ்டுக்கும் கொடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். தலைப்பில் விருந்தினர் பெயரைவிட வேலை முன்னால் வரட்டும்: “உதைபந்தாட்ட நடுவராவது எப்படி”. விவரக்குறிப்பில் சான்றிதழின் பெயர், கட்டணம், பதிவுசெய்த மாதம், ஆண்டு நான்கும் எழுதுங்கள். கட்டணமும் விதிகளும் மாறும். பழைய தொகையை நம்பி ஒருவர் பஸ் ஏறக்கூடாது.