மத்திய அரசு வேலை: போலீஸ் விசாரணை பழைய வாடகை வீட்டில் நின்றபோது

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானதும் அட்டெஸ்டேஷன் படிவம் தருவார்கள்; போலீஸ் விசாரணைக்காக நம் விவரங்களை எழுதித் தரும் படிவம் அது. கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய முகவரி எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்துச் சொந்த வீட்டோடு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாடகைக்கு இருந்ததையும் எழுதினேன். கடலூரில் விசாரணை சுலபமாக முடிந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்கே போலீஸ் வேறு. காகிதமும் தனியாகப் போகிறது. வீட்டுக்காரர் ஊரை விட்டே போயிருந்ததால், இப்படி ஒரு ஆள் இருந்தார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வாடகை ஒப்பந்தம், அந்த முகவரிக்கு வந்த பேங்க் கடிதம், கேஸ் ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். எதிர்வீட்டு அக்காவும் கூடவே வந்தார். “இந்தத் தம்பி மாடி வீட்லதான் சார் இருந்துச்சு, ஒரு வம்பு தும்பு கிடையாது” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார். பெரிய மனசு. அதற்கப்புறம்தான் அறிக்கை நகர்ந்தது.

இன்னொன்று: வழக்கு ஏதாவது இருந்தால், விடுதலையே ஆகியிருந்தாலும், தயவுசெய்து மறைக்காதீர்கள். தகவலை மறைப்பதே தகுதியிழப்பு என்று படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வழக்கு எண்ணையும் தீர்ப்பு நகலையும் சேர்த்தே கொடுங்கள்.