பக்கெட் மாற்றியதும் மாறிய உப்பளவு

மன்னார் வளைகுடாவில் இறக்க வேண்டிய சின்ன ப்ரோப் அது, வெப்பநிலை, அழுத்தம், மின்கடத்துதிறன் (இதை வைத்துத்தான் தண்ணீரின் உப்பளவைக் கணக்கிடுவது) மூன்றையும் அளக்கும். திருப்பரங்குன்றத்தில் வீட்டு மாடியில், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல்தண்ணீரில் சோதித்தால் கைமீட்டர் சென்டிமீட்டருக்கு 52 மில்லிசீமென்ஸ் மின்கடத்துதிறன் காட்ட, இது 48-ஐத் தாண்டவே இல்லை.

கேபிள் மாற்றினேன். வினிகரில் ஊறவைத்துக் கழுவினேன். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும் என்பதால் மதுரை வெயில்தான் காரணமோ என்று வெப்பநிலைத் திருத்தத்தையும் சரிபார்த்தேன். நாலு நாள் போனது.

அப்புறம் பிளாஸ்டிக் பக்கெட் வேறு வேலைக்குப் போய்விட, அதே தண்ணீரை எவர்சில்வர் அண்டாவில் ஊற்றினேன். 55! அங்கேதான் பிடிபட்டது. இந்த ப்ரோப் வளையத்துக்குள் காயில் (கம்பிச்சுருள்) வைத்த வகை. காயில் தண்ணீரில் தூண்டும் மின்னோட்டம் வளையத்தின் துளை வழியாகப் போய், வெளியே தண்ணீரில் சுற்றித் திரும்பும். பக்கத்தில் பிளாஸ்டிக் சுவர் இருந்தால் அந்தப் பாதை அடைபட்டு அளவு குறையும், உலோகம் இருந்தால் கூடும்.

குழந்தை குளிக்கும் பெரிய டப்பில், எந்தப் பக்கமும் ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி விட்டு, நடுவில் கயிற்றில் தொங்கவிட்டேன், துளையில் ஒட்டிய காற்றுக்குமிழ் போக லேசாகச் சாய்த்து ஆட்டினேன். 52 வந்துவிட்டது, அப்பாடா.

இன்னொன்று, கடலில் சுவர் இல்லை, ஆனால் ப்ரோபைச் சுற்றிய பாதுகாப்புக் கூண்டு கூடவே இறங்கும். அதனால் கூண்டை மாட்டிவிட்டுத்தான் அளவுதிருத்தம் செய்யுங்கள்.