அகூஸ்டிக் கிட்டாருக்கு வீட்டிலேயே வண்ணம் தீட்டும் முறை

கிட்டாரில் வண்ணம் தீட்ட விரும்புகிறவர் என்ன வரைவது என்று யோசிப்பதற்கு முன், எங்கே வரைவது என்பதை முடிவு செய்ய வேண்டும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967இல் தம்முடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை ஒளிரும் வண்ணங்களாலும் நகப்பூச்சாலும் அலங்கரித்தார். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தம் கிட்டாரில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே வண்ணத்தைப் பீய்ச்சி, பிறகு உரித்தெடுத்துத் தம் புகழ்பெற்ற கோடுகளை உருவாக்கினார். அவை இரண்டும் கட்டை உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார்கள் என்பதால் பூச்சு சற்றுத் தடித்தாலும் பெரிய பாதிப்பில்லை. அகூஸ்டிக் கிட்டாரில் நிலைமை வேறு. அதன் முன்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய மரம். தந்தியின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது அதுதான். அதன்மேல் வண்ணத்தை அப்பினால் எடை கூடி, நாதம் அமுங்கிவிடும். எனவே பின்பலகை, பக்கவாட்டுப் பலகைகள், தலைப்பகுதி ஆகியவற்றில் தாராளமாக வரைந்துகொண்டு, முன்பலகையில் ஒலித்துளையைச் சுற்றியோ ஓரங்களிலோ மெல்லிய கொடிவேலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விரல்பலகையிலும், உள்ளங்கை உரசும் கழுத்தின் பின்புறத்திலும் வண்ணமே வேண்டாம். வியர்வை பட்டால் பிசுபிசுத்து வாசிக்க இடைஞ்சலாகும்.

முதலில் தந்திகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முறுக்காணிகளைத் திருகாணியோடு கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். முன்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அதைப் பெயர்க்க முயலாமல், அதன் மீதும் விரல்பலகை மீதும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தூசி உள்ளே போகாதபடி ஒலித்துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

அடுத்து வருவது உப்புத்தாள் வேலை. பலரும் அவசரப்படுவது இங்கேதான்; பிற்பாடு வண்ணம் செதில் செதிலாக உரிந்து வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. 320 அல்லது 400 எண் தாளைக் கொண்டு மரத்தின் ரேகை போகும் திசையிலேயே மெதுவாகத் தேய்த்து, பளபளப்பு மங்கி எங்கும் ஒரே சீராகப் பால் படர்ந்ததுபோல் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனவை. விளிம்புகளில் அழுத்தித் தேய்த்தால் மேலே உள்ள மெல்லிய மர ஏடு தேய்ந்து அடிப்பலகை வெளியே தெரிந்துவிடும். தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டு, அதன் பிறகு வெறுங்கையால் பலகையைத் தொடாதீர்கள், ஏனெனில் விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது.

வீட்டில் கையாள ஏற்றது அக்ரிலிக் வண்ணம். தண்ணீரிலேயே கரையும், வாடை குறைவு, சீக்கிரம் உலர்ந்துவிடும். பின்பலகை முழுவதையும் ஒரே நிறத்தில் நிரப்புவதானால் முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஒரு கை, அதாவது ஒரு முறை, பூசுங்கள். வெளிக்கோட்டைச் சாக்கட்டியால் மெல்ல வரைந்துகொண்டு, வண்ணத்தை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகே அடுத்ததை நீர்க்கப் பூசினால் தூரிகைத் தடம் விழாது. டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தால் கடைசிக் கை முழுதும் இறுகுவதற்குள், டேப்பைப் பின்னோக்கி மடித்தவாறு நிதானமாக உரித்தெடுங்கள். நன்றாகக் காய்ந்த பின் இழுத்தால் ஓரத்து வண்ணமும் கூடவே பிய்ந்து வரும்.

வண்ணம் ஓரிரு நாள் காய்ந்ததும் மேலே நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு அடிக்க வேண்டும். ஸ்பிரே டப்பாவாக இருந்தால் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான, நெருப்புப் பொறி எதுவும் இல்லாத இடத்தில், ஏறத்தாழ ஓரடி தூரத்திலிருந்து பனி படர்வதுபோல் லேசாகப் பலமுறை அடியுங்கள். முதல் கையையே ஈரம் சொட்டும்படி அடித்தால் அதிலுள்ள கரைப்பான் அடியிலுள்ள ஓவியத்தைக் கலைத்துவிடக்கூடும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் லாக்கர் வகைப் பாதுகாப்புப் பூச்சு வெளுத்துப்போகும்.

தொட்டால் ஒட்டாத நிலைக்குப் பூச்சு சில மணி நேரத்திலேயே வந்துவிட்டாலும், உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். மூக்கருகே கொண்டுபோனால் வாடை இன்னும் வருகிறது என்றால் அது இறுகவில்லை என்று பொருள். வாடை முற்றிலும் அடங்கிய பிறகே முறுக்காணிகளைப் பூட்டித் தந்திகளை ஏற்றுங்கள்.